துண்டுப் படம் பார்த்து விண்பொருளைச் சொல்லும் விளையாட்டு: முதன்முறை நடத்துவோருக்கான வழிகாட்டி

வானியல் படம் ஒன்றின் சிறு பகுதியை மட்டும் வெட்டிக் காட்டி, அது எந்த விண்பொருள் என்று கேட்கும் விளையாட்டைத் தங்கள் பள்ளியிலோ ஊர் நூலகத்திலோ நடத்த விரும்புவோருக்காக இதை எழுதுகிறேன். தருமபுரி மாவட்டம் அரூர் வட்டத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் பாடம் எடுக்கும் நான், முதன்முறை இதை நடத்தியபோது 24 படங்களை அச்சிட்டு, அதற்கு 480 ரூபாய் செலவழித்து, ஒரு பாடவேளையில் எட்டுப் படங்களைக்கூட முடிக்க முடியாமல் வகுப்பைவிட்டு வெளியே வந்தேன். பத்தாவது நிமிடத்திலேயே எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, "டீச்சர், எல்லாமே கருப்புல கலர் பொகை மாதிரிதான் இருக்குது, எதப் பாத்துச் சொல்றது?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. ஒவ்வொரு படத்திலும் கண்ணுக்கு அழகான நடுப்பகுதியை நான் வெட்டி எடுத்திருந்தேன். பார்த்துச் சொல்ல உதவும் அடையாளங்களோ நான் வேண்டாமென்று ஒதுக்கிய பகுதியில் போயிருந்தன. அடுத்த இரண்டு முறை நடத்தியதில் கற்றுக்கொண்டவற்றைச் செய்ய வேண்டிய வரிசையிலேயே தருகிறேன்.

1. நாளையும் அளவையும் முதலில் முடிவு செய்யுங்கள்

தொடக்கம் முதல் விளையாட்டு நாள் வரை நான்கு வாரங்கள் வைத்துக்கொள்ளுங்கள். படங்களைத் தேடித் தேர்வதற்கு முதல் வாரம் சரியாக இருக்கும். வெட்டுவதற்கும் காரணங்களை எழுதுவதற்கும் இரண்டாம் வாரம் முழுவதும் தேவைப்படும். அச்சுக்கும் லேமினேஷனுக்கும் மூன்றாம் வாரம். நான்காவது வாரத்தைக் காலியாக விட்டுவிடுங்கள், ஏனென்றால் அச்சு ஒரு முறையாவது கெடும்.

பொங்கல் விடுமுறை முடிந்து ஜனவரி மூன்றாம் வாரத்திலிருந்து பிப்ரவரி இறுதிவரை உள்ள காலமே நம் பக்கத்துக்குப் பொருத்தமானது. அரையாண்டுத் தேர்வு முடிந்திருக்கும், ஆண்டுத் தேர்வின் நெருக்கடி தொடங்கியிருக்காது, வடகிழக்குப் பருவமழையும் ஓய்ந்து வானம் தெளிந்திருக்கும். அட்டையில் பார்த்த பொருள்களில் இரண்டு மூன்றை அன்று மாலையே வானில் காட்டிவிடலாம் என்பதால் இந்தத் தெளிவு முக்கியம். நாள் குறிக்கும்போது தினசரி நாட்காட்டியில் அமாவாசையை ஒட்டிய நாளாகப் பாருங்கள்.

ப்ரொஜெக்டரை நம்பித் திட்டமிடாதீர்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எந்த நாளில் வரும் என்பது செய்தித்தாளில் முந்தைய நாள்தான் பலர் கண்ணில் படுகிறது. என் இரண்டாவது முயற்சி அப்படித்தான் ஒரு வாரம் தள்ளிப்போனது. அதைவிட, பகல் வெளிச்சம் நிறைந்த வகுப்பறையில் கருமையான வான்படங்கள் திரையில் சாம்பல் நிறமாக வெளுத்துத் தெரியும். அச்சிட்ட அட்டைகளே மேல்.

2. அனுமதியும் தாள்களும்

தலைமையாசிரியருக்கு ஒரு பக்கத்தில் கடிதம் கொடுங்கள். நாள், பாடவேளை, வகுப்பு, மாணவர் எண்ணிக்கை, செலவு, அந்தச் செலவு யாருடையது ஆகிய ஆறும் அதில் இருந்தால் போதும். செலவைப் பள்ளி நிதியிலிருந்து எடுக்க நினைத்தால், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் முன்கூட்டியே வைத்துவிடுங்கள். அச்சுக் கடைக்காரர் தேதியிட்ட ரசீது தருவாரா என்பதையும் ஆர்டர் கொடுக்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்த கணக்கை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு போதும்.

மாலையில் வானம் காட்டுவதாக இருந்தால் அதற்குத் தனியாகப் பெற்றோர் ஒப்புதல் கடிதம் வாங்க வேண்டும். குழந்தையை யார் அழைத்துச் செல்வார், எத்தனை மணிக்கு என்ற இரண்டு வரிகளை அதில் கட்டாயம் சேருங்கள். சித்தேரி மலைப் பக்கமிருந்து வரும் பிள்ளைகளுக்குக் கடைசிப் பேருந்து போய்விட்டால் வேறு வழியில்லை. அவர்களுக்குப் பகல் விளையாட்டு மட்டும் போதும் என்று முன்பே சொல்லிவிடுவது நல்லது.

மூன்றாவது தாள், பலர் மறந்துவிடும் தாள்: படப் பதிவேடு. ஒரு நோட்டில் அட்டை எண், பொருளின் பெயர், படமெடுத்த தொலைநோக்கி அல்லது விண்கலம், படம் வெளியான ஆண்டு, நன்றி வரி (படம் யாருடையது என்று சொல்லும் வரி), தரவிறக்கிய நாள் ஆகியவற்றைக் கட்டம் போட்டு எழுதுங்கள். அது எதற்கு என்பது அடுத்த படியில் விளங்கும்.

3. படங்களை எங்கிருந்து எடுப்பது

நாசா வெளியிடும் படங்கள் பொதுவாகக் காப்புரிமைக்கு உட்படாதவை. கல்விப் பயன்பாட்டுக்குத் தனி அனுமதி தேவையில்லை, நன்றி சொன்னால் போதும். ஆனால் நாசாவின் சின்னத்தை உங்கள் அட்டையிலோ அழைப்பிதழிலோ போடக் கூடாது. சின்னத்துக்கு விதி வேறு. ஐரோப்பிய விண்வெளி முகமையின் ஹபிள், வெப் விண்வெளித் தொலைநோக்கிகளுக்கான படத் தளங்களும், சிலியில் தொலைநோக்கிகளை வைத்திருக்கும் ஐரோப்பியத் தெற்கு ஆய்வகமும் தங்கள் படங்களைக் கிரியேட்டிவ் காமன்ஸ் அட்ரிபியூஷன் 4.0 உரிமத்தில் தருகின்றன. இந்த உரிமத்தில் நன்றி வரியை முழுமையாகப் போட வேண்டும், படத்தை மாற்றியிருந்தால் மாற்றியதையும் குறிப்பிட வேண்டும். நம் விளையாட்டே படத்தை வெட்டுவதுதான் என்பதால், நன்றி வரியின் இறுதியில் "வெட்டப்பட்டது" என்ற ஒரு சொல்லைச் சேர்த்துவிடுங்கள். அட்டையிலேயே நன்றி வரியைப் போட்டால் விடை வெளிப்பட்டுவிடும். ஆகவே பதிவேட்டிலிருந்து ஒரு பட்டியல் எடுத்து, விளையாட்டு முடிந்ததும் வகுப்புச் சுவரில் ஒட்டுங்கள்.

பொறி எங்கே என்றால், நாசா நாள்தோறும் ஒரு வானியல் படத்தை வெளியிடும் பக்கத்தில். 1995 முதல் நடக்கும் அந்தப் பக்கத்தில் வருவதெல்லாம் நாசாவின் படம் என்றே நான் நினைத்திருந்தேன். அங்கே வரும் படங்களில் பல தனிப்பட்ட வானியல் ஒளிப்படக்காரர்கள் எடுத்தவை, காப்புரிமையும் அவர்களுடையது. படத்தின் கீழே உள்ள வரியைப் படிக்காமல் எடுத்துவிட்டு, பிறகு ஏழு படங்களை மாற்றினேன்.

கோப்பின் அளவையும் கவனியுங்கள். ஏ5 அட்டையில் படம் தெளிவாக விழ, வெட்டிய துண்டு குறைந்தது 1,240 × 874 பிக்சல் இருக்க வேண்டும். அதைப்போல் இரு மடங்கு இருந்தால் மிக நன்று. முழுப் படத்தில் ஒவ்வொரு பக்கத்திலும் மூன்றில் ஒரு பங்கை வெட்டுகிறீர்கள் என்றால், மூலப் படம் ஏறத்தாழ 4,000 பிக்சல் அகலமாவது இருக்க வேண்டும் என்றாகிறது. செல்பேசித் திரையில் பிடித்த ஸ்கிரீன்ஷாட் எதற்கும் உதவாது. அதற்காக ஆகப் பெரிய கோப்பையும் தேடிப் போகாதீர்கள். ஹபிள் எடுத்து 2015இல் வெளியான ஆண்ட்ரோமீடா கேலக்ஸியின் (கேலக்ஸி என்பது கோடிக்கணக்கான விண்மீன்கள் சேர்ந்த பெருந்தொகுதி) பெரிய படம் 150 கோடி பிக்சல்கள் கொண்டது, நம் ஊர் மடிக்கணினிகள் அதைத் திறப்பதற்குள் பாடவேளை முடிந்துவிடும்.

4. எதைச் சேர்ப்பது, எதை விடுவது

24 அட்டைகள் தேவை. ஒரு வகுப்புக்குப் பத்துதான் பயன்படும் என்றாலும், ஏழாம் வகுப்பில் காட்டியதை இடைவேளைக்குள் எட்டாம் வகுப்புக்குச் சொல்லிவிடுவார்கள் என்பதால் மாற்று அட்டைகள் கையில் இருக்க வேண்டும். இந்த 24இல் 20 விண்பொருள்கள், நான்கு ஏமாற்றுப் படங்கள்.

தேர்வு செய்யும் முன் வகைச் சொற்களை முடிவு செய்து கரும்பலகையில் எழுதக்கூடிய பட்டியலாக்குங்கள். திரள், கொத்து, மண்டலம் என்று ஆளுக்கொரு சொல் வைத்திருப்பதால் முதல் முறை விடை சரியா தவறா என்பதிலேயே சண்டை வந்தது. நான் இப்போது பயன்படுத்தும் பட்டியல்: கோள், துணைக்கோள், சிறுகோள் அல்லது வால்மீன், சூரியன், விண்மீன் கொத்து, நெபுலா (விண்வெளியில் உள்ள வாயு, தூசு மேகம்), கேலக்ஸி, விண்பொருள் அல்ல. இந்த எட்டுக்கு மேல் வேண்டாம். "கோள் நெபுலா" என்ற சொல்லைக் குழந்தைகள் முன் கவனமாகச் சொல்லுங்கள். சூரியனைப் போன்ற விண்மீன் முதுமையில் தன் வெளியடுக்குகளை உதறியதால் உண்டான வாயு ஓடு அது, கோளுக்கும் அதற்கும் தொடர்பில்லை. பெயரைக் கேட்டதும் "கோள்" என்று எழுதிவிடுவார்கள்.

சேர்க்கத் தகுந்தவை, அதாவது தன் அடையாளத்தைத் தன் உடம்பிலேயே வைத்திருப்பவை, நிறைய இருக்கின்றன. வியாழனின் துணைக்கோள் அயோ, எரிமலைப் புள்ளிகளுடன் மஞ்சள் தூக்கலாகப் போட்ட அடை போலிருக்கும். அதன் பக்கத்துத் துணைக்கோள் யூரோப்பாவின் பனிப்பரப்பு, சித்திரை மாதத்தில் வற்றிய ஏரியின் தரைபோல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். சனியின் துணைக்கோள் மைமாஸ் 400 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான விட்டமுடையது. அதில் 130 கிலோமீட்டர் அகலமுள்ள ஒரே பள்ளம், நடுவில் குன்றுடன், கோளத்தின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கை அடைத்திருக்கும். சனியின் வடதுருவத்து அறுகோண மேகம், 2015 ஜூலையில் நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் எடுத்த புளூட்டோவின் இதய வடிவச் சமவெளி, ரொசெட்டா விண்கலம் எடுத்த 67பி வால்மீனின் இரட்டைத் தலை, எம்51 கேலக்ஸியின் (எம் என்பது மெஸ்ஸியே என்ற வானியலாளரின் பட்டியல் எண்ணைக் குறிக்கும்) சுருள் கையோடு ஒட்டி நிற்கும் துணைக் கேலக்ஸி, எம்104 கேலக்ஸியின் குறுக்கே ஓடும் கரிய தூசுப் பட்டை, எம்57 கோள் நெபுலாவின் வளையம், கார்த்திகை விண்மீன்களைச் சுற்றிப் படர்ந்த நீலத் தூசு ஆகியவை எல்லாம் ஒரு முறை பார்த்தால் மறக்காதவை.

விட வேண்டியவை: புதனும் நிலவும் அருகருகே. பள்ளங்கள் மட்டும் தெரியும்படி வெட்டினால், பழகியவர்களே தடுமாறும் இரட்டையர் அவை. நிலவைக் கரும் சமவெளியின் விளிம்பு தெரியும்படியோ, டைகோ பள்ளத்திலிருந்து கிளம்பும் வெண்கதிர்கள் தெரியும்படியோ வெட்ட முடிந்தால் வையுங்கள், புதனை விட்டுவிடுங்கள்.

5. வெட்டுதல்

இந்தப் படியில்தான் விளையாட்டின் உயிர் இருக்கிறது. வெட்டுவதற்கு முன் உங்கள் நோட்டில் அந்த அட்டை எண்ணுக்கு எதிரே, "இதைப் பார்த்து இப்படிச் சொல்லலாம்" என்று ஒரே வாக்கியம் எழுதுங்கள். எழுத முடிந்தால், அந்த வாக்கியம் குறிப்பிடும் அடையாளம் துண்டுக்குள் வரும்படி வெட்டுங்கள். எழுத முடியாவிட்டால் அந்தப் படம் விளையாட்டுக்கு ஆகாது. அதற்கு விடை சொல்லும் பிள்ளை அந்தப் படத்தை ஏற்கெனவே எங்கோ பார்த்த பிள்ளையாகத்தான் இருக்கும். வீட்டில் இணையம் உள்ள நாலைந்து பேர் மட்டும் வெல்லும் போட்டியாக என் முதல் முயற்சி ஆனதற்குக் காரணம் இதுதான்.

எழுதத் தகுந்த அடையாளங்களில் முதலாவது, விண்மீன்களைச் சுற்றிக் கூர்மையாக நீளும் ஒளிக்கீற்றுகள். ஹபிள் படங்களில் பிரகாசமான விண்மீனுக்குச் சிலுவைபோல் நான்கு கீற்றுகள் இருக்கும். இரண்டாம் கண்ணாடியைத் தாங்கும் கம்பிகள் ஒளியை வளைப்பதால் வருபவை அவை. வெப் தொலைநோக்கியின் அறுகோணக் கண்ணாடித் துண்டுகள் ஆறு பெரிய கீற்றுகளையும், தாங்கு கம்பிகள் இரண்டு சிறிய கீற்றுகளையும் தருவதால் மொத்தம் எட்டு தெரியும். கீற்றுள்ள புள்ளி விண்மீன், கீற்றில்லாமல் மங்கலாக நீண்டிருக்கும் புள்ளி பெரும்பாலும் தொலைவிலுள்ள கேலக்ஸி என்பதைப் பத்து வயதுப் பிள்ளையும் பிடித்துக்கொள்ளும். ஆகவே நெபுலாப் படங்களில் வெறும் புகையை வெட்டாமல், கீற்றுள்ள ஒரு விண்மீனாவது உள்ளே வரும்படி பாருங்கள்.

அடுத்தது ஒளி வரும் திசை. பள்ளமுள்ள படத்தைத் தலைகீழாகத் திருப்பினால் பள்ளம் மேடாகத் தெரியும். வெளிச்சம் மேலிருந்து வரும் என்றே நம் கண் எண்ணிக்கொள்வதால் நேரும் மயக்கம் இது. நான் ஓர் அட்டையைத் தலைகீழாக ஒட்டிவிட்டதால், ஒரு குழு முழுவதும் நிலவின் பள்ளங்களைக் "கொப்புளம்" என்று எழுதிக் கொடுத்தது. அவர்கள் கண்ணில் பிழையில்லை. கேலக்ஸிக்கும் நெபுலாவுக்கும் மேல் கீழ் கிடையாது, எப்படியும் வைக்கலாம். பள்ளமுள்ள அட்டைகளில் மட்டும் நிழல் பள்ளத்தின் மேல் விளிம்பை ஒட்டி விழும்படி வைத்து, பின்புறம் ஓர் அம்புக்குறி போடுங்கள். அட்டையின் பின்புறம் எண்ணும் அம்புக்குறியும் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது.

நிறத்தை அடையாளமாக எழுதாதீர்கள். வெள்ளியின் தரையைக் காட்டும் ஆரஞ்சு நிறப் படங்கள் மெகல்லன் விண்கலம் ரேடாரால் பதிந்தவை. ரேடாருக்கு நிறம் தெரியாது, அந்த ஆரஞ்சு பிறகு சேர்க்கப்பட்டது. கழுகு நெபுலாவின் தூண்களை ஹபிள் எடுத்த 1995ஆம் ஆண்டுப் படத்தில் கந்தகத்துக்குச் சிவப்பும் ஹைட்ரஜனுக்குப் பச்சையும் ஆக்ஸிஜனுக்கு நீலமும் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. அதே தூண்களை 2022இல் வெப் அகச்சிவப்பில் எடுத்தபோது அவை பாதி ஊடுருவித் தெரிகின்றன, பின்னாலிருக்கும் விண்மீன்கள் கொட்டிக் கிடக்கின்றன. இந்த இரண்டையும் ஒரே பகுதியில் வெட்டி இரண்டு அட்டைகளாக வைப்பதை மிகவும் பரிந்துரைக்கிறேன். "இரண்டும் ஒன்றுதான்" என்று கண்டுபிடிக்கும் குழுவுக்கு நான் தனி மதிப்பெண் தருகிறேன். ஜூனோ விண்கலம் எடுத்த வியாழனின் தென்துருவப் படங்கள் நீலச் சுழல்களாக இருப்பதால், "நெப்டியூன்" என்ற விடை வந்துகொண்டே இருக்கும். அந்தப் படத்தை வைத்தால் சுழல்களின் எண்ணிக்கையும் வடிவமும் தெரியும்படி அகலமாக வெட்டுங்கள்.

எவ்வளவு சிறிதாக வெட்டுவது என்பதற்கு என் அனுபவ அளவு, முழுப் படத்தின் பரப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. அதைவிடச் சிறிதானால் எல்லாம் புகை, பெரிதானால் எல்லாம் வெளிச்சம். பழைய ஹபிள் படங்கள் சிலவற்றில் ஒரு மூலை படிக்கட்டுபோல் கறுப்பாக விடுபட்டிருக்கும். அதை வெட்டி நீக்கிவிடுங்கள், விண்பொருளின் வடிவம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

வெட்டிய கோப்புகளுக்கு 01, 02 என்று எண் மட்டும் இடுங்கள். கோப்பின் பெயரில் எம்51 என்று இருந்தால், கணினியில் திறக்கும்போதும் அச்சுக் கடையில் தாளின் ஓரத்திலும் அது வெளிப்பட்டுவிடும்.

6. ஏமாற்றுப் படங்கள்

2022 ஜூலை இறுதியில் பிரெஞ்சு இயற்பியலாளர் எட்டியென் க்ளைன், மசாலா இறைச்சித் துண்டு ஒன்றின் படத்தைப் போட்டு, வெப் தொலைநோக்கி எடுத்த பிராக்ஸிமா சென்டாரி விண்மீன் என்று வேடிக்கையாக எழுதினார். பலர் நம்பிவிட்டதால் பிறகு மன்னிப்பும் கேட்டார். பெரியவர்களே ஏமாறும் இடத்தில் பிள்ளைகளுக்கும் பயிற்சி வேண்டும். கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கிரானைட் கடைகளில் மெருகேற்றிய கறுப்புக் கல் பலகையைச் செல்பேசியில் நெருங்கி எடுத்தால் அசல் விண்மீன் கூட்டம். எண்ணெய் காய்ந்த தோசைக்கல்லின் அடிப்பக்கம் நல்ல துணைக்கோள்.

நான்கில் ஒன்று பூமியாக இருக்கட்டும். லாண்ட்சாட் செயற்கைக்கோளின் படங்கள் பொதுவுடைமை. ஒகேனக்கல் பக்கம் காவிரி பாறைகளுக்கிடையே வளைந்து ஓடும் பகுதியை நான் வெட்டி வைத்தேன். ஐந்து குழுக்களில் நான்கு "செவ்வாய், பழைய ஆறு" என்று எழுதின. சென்ற மாதம்தான் அங்கே பரிசலில் போய்வந்த பையனும் அந்த நான்கு குழுக்களில் ஒன்றில் இருந்தான். பத்து அட்டைகளில் ஏமாற்று இரண்டுக்கு மேல் வேண்டாம். மிகுந்தால் எல்லாவற்றையும் சந்தேகிக்கத் தொடங்குவார்கள்.

7. அச்சும் செலவும்

சாதாரண ஜெராக்ஸ் தாளில் கலர் பிரிண்ட் எடுக்காதீர்கள். கறுப்பு மை தாளில் ஊறித் திட்டுத் திட்டாகி, மங்கலான நெபுலாக்கள் காணாமல் போய்விடும். என் 480 ரூபாய் போனது இப்படித்தான். 170 ஜிஎஸ்எம் ஆர்ட் பேப்பர் கேளுங்கள். கணினித் திரையில் தெரிவதைவிட அச்சில் படம் எப்போதும் இருண்டு விழும் என்பதால், கருமையான படங்களின் வெளிச்சத்தைச் சற்றுக் கூட்டி, ஒரே ஒரு தாளைச் சோதனை அச்சாக எடுத்து, அதைக் கடையின் குழல் விளக்கடியில் பார்க்காமல் வெளியே வெயிலில் கொண்டுவந்து பாருங்கள். லேமினேஷன் பளபளப்பாக இருக்கக் கூடாது. சன்னல் வெளிச்சம் பட்டு, படத்துக்குப் பதில் பார்ப்பவர் முகமே தெரியும். மேட் லேமினேஷன் என்று சொல்லி வாங்குங்கள். அரூரில் நான் கேட்ட கடையில் அது இல்லாததால் தருமபுரிக்குப் போய்த்தான் போட்டேன்.

மூன்றாம் முறை எனக்கு ஆன கணக்கு இது. உங்கள் ஊரில் சற்றுக் கூடலாம், குறையலாம். ஏ4 தாளில் இரண்டு அட்டை வீதம் 12 தாள்கள், தாளுக்கு 25 ரூபாய், ஆக 300. சோதனை அச்சு இரண்டுக்கு 50. வெட்டிய 24 அட்டைகளுக்கு லேமினேஷன் 15 ரூபாய் வீதம் 360. விடை காட்டும் முழுப் படங்கள் ஒரு தாளில் நான்காக ஆறு தாள்கள், 120. இவை சாதாரணத் தாளில் போதும், லேமினேஷன் தேவையில்லை. விடைத்தாள் நகல் 30க்கு 60. பரிசுக்குப் பென்சில், அழிப்பான் 160. மொத்தம் 1,050 ரூபாய், பேருந்துக் கட்டணம் நீங்கலாக. காலையில் பென்டிரைவைக் கொடுத்து மாலையில் வாங்கிக்கொள்ளலாம் என்று கடைக்காரர் சொன்னால் மூன்று நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முகூர்த்த மாதங்களில் பத்திரிகை அச்சடிப்பு குவியும், ஒரு வாரம்கூட ஆகும்.

8. விளையாட்டு நாள்

ஆசிரியர் முன்னால் நின்று அட்டையைத் தூக்கிக் காட்டுவது பயனில்லை; மூன்றாம் வரிசைக்கு அப்பால் எதுவும் தெரியாது. பத்து அட்டைகளைப் பத்து மேசைகளில் வைத்துவிட்டு, 30 பேரை ஆறு ஆறு பேராக ஐந்து குழுக்களாக்கி, ஒன்றுவிட்டு ஒரு மேசையில் நிறுத்துங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை மணி அடித்ததும் குழுக்கள் அடுத்த மேசைக்கு நகரட்டும். விதி சொல்ல மூன்று நிமிடம், சுற்றி வர 20 நிமிடம், முழுப் படங்களைக் காட்டி விவாதிக்க மீதி நேரம் என்றால் 45 நிமிடப் பாடவேளைக்குள் சரியாக முடியும். விவாதத்துக்கு 20 நிமிடம் கண்டிப்பாக ஒதுக்குங்கள். அதைக் குறைத்தால் மதிப்பெண் மட்டுமே மிஞ்சும்.

வகைக்கு ஒரு மதிப்பெண், காரணத்துக்கு இரண்டு, பெயருக்கு இரண்டு என்று கொடுங்கள். பெயர் தெரியாத குழுவும் வகையும் காரணமும் சொல்லி மூன்று வாங்கலாம் என்பதைத் தொடக்கத்திலேயே அறிவியுங்கள். "வட்டமா இருக்குது, அதனால கோள்" என்பது காரணம் ஆகாது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு விடையைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள். செல்பேசிகளை வாங்கி ஒரு பெட்டியில் வைத்துவிடுங்கள், ஆசிரியர்களுடையதையும் சேர்த்து. படத்தைக் காட்டினால் பெயரைச் சொல்லிவிடும் வசதி இப்போது எல்லார் கையிலும் இருக்கிறது.

உங்கள் நோட்டில் இல்லாத, ஆனால் ஏற்கத்தக்க காரணத்தை ஒரு குழு சொன்னால் மதிப்பெண் கொடுத்துவிட்டு, அதை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். மைமாஸின் படத்தில் நிழலின் நீளத்தைப் பார்த்து, "இந்தப் பள்ளம் ரொம்ப ஆழம், சின்ன உருண்டையாத்தான் இருக்கணும்" என்று ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் வாதாடினான். முழுக்கச் சரியான வாதம் என்று சொல்ல முடியாது, ஆனாலும் அளவைப் பற்றி யோசித்தவன் அவன் ஒருவன்தான். கொடுத்தேன்.

9. மாலை வானம், முடிந்தால்

ஜனவரி இறுதியில் இரவு ஏழு மணிக்குக் கார்த்திகைக் கொத்து தலைக்கு மேலே இருக்கும், வெறுங்கண்ணால் காட்டலாம். கிழக்கே ஏறிவந்திருக்கும் வேட்டைக்காரன் (ஓரியன்) மண்டலத்தில் திருவாதிரை சிவந்து தெரியும். வேட்டைக்காரனின் இடைப்பட்டையாகத் தெரியும் மூன்று விண்மீன்களின் கீழே தொங்கும் வாளில் மங்கலாக இருக்கும் எம்42 நெபுலாவுக்கு ஒரு பைனாகுலர் போதும். அட்டையில் பார்த்த சிவப்பும் நீலமும் அங்கே தெரியாது, சாம்பல் நிற மூட்டமாகத்தான் இருக்கும் என்று பைனாகுலரைக் கையில் கொடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் ஏமாற்றத்துடன் வீடு போவார்கள். எந்த நேரத்தில் எது எங்கே இருக்கும் என்பதை ஸ்டெல்லாரியம் என்ற இலவச மென்பொருளில் முந்தைய நாளே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். தெருவிளக்கு மறையும் பக்கமாக ஏரிக்கரையோ களத்துமேடோ போதும், மலைக்குப் போக வேண்டியதில்லை.

10. அட்டைகளைப் பத்திரப்படுத்துதல்

எண் வரிசையில் அடுக்கி, பதிவேட்டோடு சேர்த்து மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் வைத்துப் பூட்டுங்கள். ஓரம் பிரிந்த லேமினேஷனில் மழைக்காலத்து ஈரம் ஏறினால் படம் அலையலையாக எழும்பிவிடும். மூலக் கோப்புகளையும் அழிக்காதீர்கள். ஒரே தொகுதி இரண்டு ஆண்டுக்கு மேல் தாங்காது, அண்ணன் தம்பிக்குச் சொல்லிவிடுவான். அப்போது புதுப் படம் தேட வேண்டியதில்லை. அதே படத்தைத் திறந்து, வேறொரு மூலையில் வேறோர் அடையாளத்தை வைத்து, நோட்டில் புதிய வாக்கியம் ஒன்றை எழுதிக்கொண்டு வெட்டுங்கள்.